விமானம் எறியும் மைதானத்துக்குப் பக்கத்தில்

1

போன கிழமை எங்கள் அகதி விடுதிக்குப் பக்கத்திலிருக்கும் ஆராய்ச்சி விமான மைதானத்தில் அந்தப் பள்ளத்தைக் கொங்கிறீற் ஊற்றி மூடினார்கள். கடைக்குப் போய்த் திரும்பும் வழியில் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். ஓடுபாதையின் நடுவில் கத்தியால் கீறியது போன்ற நீண்ட, ஒடுக்கமான பள்ளம். லொறிகள் மாறி மாறி வந்து ஊற்றிக்கொண்டிருந்தன. பக்கத்தில் நாயோடு நின்ற ஜேர்மன் கிழவர், இனிமேல் மத்தியானத்தில் நிம்மதியாகப் படுக்கலாம் என்றார். நான் "ஓம்" என்று சொல்லிவிட்டு, பிறகு ஜேர்மன் மொழியில் "யா" என்றேன். அவர் இரண்டையும் கவனிக்கவில்லை.

ஊரில் இருப்பவர்களுக்கு இதை எழுத வேண்டும் என்று அங்கே நிற்கும்போதே தோன்றியது. அண்மையில் கொழும்பிலிருந்து வந்த ஒருவரிடம் என் தங்கை ஒரே ஒரு கேள்வியைத்தான் கேட்டு அனுப்பியிருந்தாள். "தாரணி கதைக்கிறாளோ?" ஓம், நன்றாகக் கதைக்கிறாள் என்று சொல்லி அனுப்பினேன். அதில் பொய் இல்லை. ஆனால் அந்த ஒரு சொல்லோடு விட்டுவிட மனம் வரவில்லை. என் மகள் கதைக்கத் தொடங்கியது இந்த மைதானத்தில்தான்.

2

என் கணவர் சிவபாலன் எண்பத்து நாலில் முதலில் வந்தார். நானும் பிள்ளைகளும் ஊரில் நின்றோம். மூத்தவன் செந்தூரன், இளையவள் தாரணி. வழி சரியானதும் எங்களைக் கூப்பிடுவதாகச் சொல்லிப் போனார். இங்கே அவருக்கு வேலை செய்ய அனுமதி இல்லை, மாவட்டத்தை விட்டு வெளியே போக அனுமதி இல்லை. வழி சரியாக இரண்டு வருடம் எடுத்தது. அதற்கிடையில் எண்பத்தாறின் தொடக்கத்தில் ஒரு காலை எங்கள் பகுதியில் விமானம் குண்டு போட்டது.

செந்தூரன் சைக்கிளுக்குக் காற்றடிக்கப் பக்கத்து வீட்டுக்குப் போயிருந்தான். தாரணி எங்கள் படலையில் நின்று அண்ணன் வருகிறானா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். நான் குசினிக்குள் இருந்தேன். இரைச்சல் கேட்டது, வரவர உரத்தது, பிறகு நிலம் அதிர்ந்தது. நான் வெளியே ஓடி வந்தபோது தாரணி படலையைப் பிடித்தபடி அதே இடத்தில் நின்றாள். அவள் மேல் ஒரு கீறல்கூட இல்லை. பக்கத்து வீடு இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்றிலிருந்து அவள் கதைக்கவில்லை. அழும்போதுகூடச் சத்தம் வராது. கண்ணீர் மட்டும் வரும். ஆஸ்பத்திரியில் தொண்டையைப் பார்த்தார்கள். "ஒரு குறையும் இல்லை, கதைப்பாள், பொறுத்திருங்கோ" என்றார்கள்.

பிறகு நாங்களும் புறப்பட்டோம். கிழக்குப் பேர்லினில் இறங்கி, ரயிலேறி மேற்குப் பக்கம் வந்து, அங்கிருந்து பஸ்ஸில் ஏற்றி இந்த வடக்கு மூலைக்கு அனுப்பப்பட்டோம். அகதி விடுதி வாசலில் சிவபாலன் நின்றார். இரண்டு பிள்ளைகளை விட்டுப் போனவர் ஒரு பிள்ளையைக் கூட்டி வந்த என்னைப் பார்த்தார். அவருக்குச் செய்தி முன்பே தெரியும். இருந்தாலும் எனக்குப் பின்னால் ஒருதரம் எட்டிப் பார்த்தார். அதை நான் இன்றுவரை அவரிடம் சொன்னதில்லை.

குனிந்து தாரணியிடம், "அப்பாவைத் தெரியுதோ குஞ்சு?" என்று கேட்டார். அவள் அவருடைய சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

3

வந்த சில நாட்களில் ஒரு காலை, நான் சட்டைகளைத் தோய்த்துக்கொண்டிருந்தபோது அந்தச் சத்தம் வந்தது. மேலே பறக்கும் விமானத்தின் சத்தம் கடந்து போய்விடும். இது போகவில்லை. ஓரிடத்தில் நின்று உரத்துக்கொண்டே வந்தது. யன்னல் கண்ணாடி நடுங்கியது. இதற்கு மேல் உரக்க முடியாது என்று நினைத்த நேரத்தில் நிலத்துக்குள்ளிருந்து 'டம்' என்று ஓர் இடி. காலுக்குக் கீழே அதிர்ந்தது. பிறகு விமானம் எங்கள் கூரைக்கு மேலால் போனது.

முதலில் இரைச்சல், பிறகு இடி. அதே ஒழுங்கு.

தாரணி கட்டிலுக்குக் கீழே சுவரோடு ஒட்டிக் கிடந்தாள். வெளியே எடுக்க எனக்கு நெடுநேரம் பிடித்தது. அவளுடைய நகங்களுக்குள் சுவர்ப் பூச்சு ஏறியிருந்தது. விடுதிப் பொறுப்பாளர் பெக்கர் அம்மா ஓடி வந்து, கையை இறக்கை போல விரித்துக் காட்டி ஏதோ சொன்னார். சோதனை, சோதனை என்று சொன்னாராம். கணவர் பிறகு விளக்கினார்.

"கப்பலில இருந்து எழும்பிற ஜெட்டாம். அதை இஞ்ச நிலத்தில வைச்சுச் சோதிச்சுப் பாக்கினம்."

"ஒவ்வொரு நாளுமோ?"

"காத்து ஒத்து வாற நாளில."

வேறு விடுதிக்கு மாற்றக் கேட்டு ஆன்ராக், அதாவது விண்ணப்பம், கொடுப்பது என்று முடிவெடுத்தோம். தெர்மீன், அதாவது சந்திக்க ஒரு நேரம், எடுத்து வெளிநாட்டவர் அலுவலகத்துக்கு மூன்று பேருமாகப் போனோம். சிவபாலன் தனக்குத் தெரிந்த ஜேர்மன் மொழியில் நீளமாகப் பேசினார். அதிகாரி பொறுமையாகக் கேட்டார். தாரணியைப் பார்த்தார். ஏதோ எழுதினார். எழுந்து கை கொடுத்தார்.

"உதவி செய்யிறன் எண்டவர்," என்று கணவர் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார்.

பதில் வந்தது. பெக்கர் அம்மா அதை வாசித்துவிட்டுக் கணவரிடம் இரண்டு மூன்று தரம் ஏதோ கேட்டார். அவர் முகம் கறுத்துப்போனது. விமானத்துக்கு ஜேர்மன் மொழியில் ஃப்ளூக்சொய்க். அகதிக்கு ஃப்ளூக்ட்லிங். அவசரத்தில் அவர் ஒன்றுக்குப் பதிலாக மற்றதைச் சொல்லியிருக்கிறார். எங்கள் மகள் அகதிகளுக்குப் பயப்படுகிறாள், அகதிகளின் சத்தம் கேட்டால் கட்டிலுக்குக் கீழே ஒளிக்கிறாள் என்று அந்த அதிகாரி எழுதிவைத்துவிட்டார். அதற்கு இரங்கி, விடுதியின் ஆள் நடமாட்டம் இல்லாத மேல்மாடி மூலையறையை எங்களுக்கு ஒதுக்கியிருந்தார். அந்த அறையின் யன்னல் நேராக மைதானத்தைப் பார்த்தது.

திருத்தித் தரச் சொல்லி மறுபடி போனோம். ஒருதரம் அறை மாற்றித் தந்தாகிவிட்டது, இனி ஏலாது என்றார்கள். கணவர் அதன் பிறகு அலுவலகங்களில் வாய் திறக்கவே தயங்கினார். எழுதிக்கொண்டுபோய் நீட்டினார்.

4

கோபாலனைப் பஸ் தரிப்பில் சந்தித்தோம். தாரணியின் தொப்பியைச் சரிசெய்து, "குளிருதோ அம்மா?" என்று கேட்டுக்கொண்டிருந்தேன். பதில் வராது என்று தெரிந்தும் நான் கேட்பதை நிறுத்தவில்லை. பக்கத்தில் நின்ற கண்ணாடிக்காரர் திரும்பினார்.

"நீங்க தமிழா?"

திருச்சிக்காரர். பல்கலைக்கழகம் இருக்கும் நகரத்தில் ஆராய்ச்சி செய்கிறார். சோதனை நாட்களில் மட்டும் இந்த மைதானத்துக்கு வருவாராம். பிள்ளையின் கதையைச் சுருக்கமாகச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே நின்றதில் தன்னுடைய பஸ்ஸைத் தவறவிட்டார்.

"ஸாரி மேடம். அந்தச் சத்தத்துக்கு நானும் ஒரு காரணம்," என்றார்.

பிறகு அவரே விளக்கினார். "கப்பல்ல ரன்வே ரொம்பச் சின்னது. பிளேன் ஓடி ஸ்பீடு எடுக்க இடம் கிடையாது. அதனால தரைக்குக் கீழ நீராவியில ஓடுற பெரிய பிஸ்டன் வெச்சிருக்கோம். முன்சக்கரத்தை அதுல மாட்டி, இழுத்து, அப்படியே எறிஞ்சிடும். கேட்டபுல்ட்னு பேர். அந்த இழுவையில சக்கரத்தோட கால் எவ்வளவு தாங்குதுன்னு அளக்கிறதுதான் என் வேலை."

"கெற்றப்போல்," என்றேன். எங்கள் ஊரில் பெடியள் மாங்காய்க்குக் கல் எறிவது அதைக்கொண்டுதான்.

"அதேதான்."

"அந்த இடி எதாலை வாறது தம்பி?"

"பிளேனை விட்டதும் பிஸ்டன் நிக்கணுமில்ல? கடைசியில ஒரு தண்ணித் தொட்டியில முட்டி நிக்கும். அதுதான்."

எந்த நாட்டுக் கப்பலுக்கு என்று கேட்டேன். அதைத் தன்னிடமும் சொல்லவில்லை என்றார்.

கோபாலன் நல்ல பிள்ளை. சோதனை இருக்கும் நாட்களில் காலையிலேயே விடுதிக்குத் தொலைபேசி எடுத்துச் சொல்லிவிடுவார். பெக்கர் அம்மா மேல்மாடிக்கு ஏறி வந்து கையை இறக்கை போல விரித்துக் காட்டுவார். நான் தாரணிக்குக் குளிர்ச் சட்டையை மாட்டி, பஸ்ஸில் கடைசித் தரிப்புவரை போவேன். அங்கே ஒரு தேவாலயம், ஒரு குளம், இரண்டு வாத்துகள். அதற்கப்பால் அடுத்த மாவட்டம். அங்கே காலடி வைத்தால் தண்டம். மாலைவரை அந்தக் குளத்தைச் சுற்றி நடப்போம். சில நாள் காற்று மாறிச் சோதனை தள்ளிப்போகும். நாங்கள் திரும்பி வந்து சாப்பிட உட்காரும்போது அது தொடங்கும்.

இதற்குள் தாரணி பாலர் வகுப்புக்குப் போய், பிறகு பள்ளிக்கூடமும் தொடங்கிவிட்டாள். படம் கீறினாள், எழுத்து எழுதினாள். சொல்வதெல்லாம் விளங்குகிறது, வாய்தான் திறப்பதில்லை என்று ரீச்சர் சொன்னார். தமிழில் கதைக்காத பிள்ளை ஜேர்மன் மொழியில் கதைக்கவில்லையே என்று ரீச்சர் வருந்துவது எனக்கு வினோதமாக இருந்தது.

5

எண்பத்தேழு இலையுதிர் காலத்தில், சத்தத்தைப் பற்றி ஊர்க்காரர்களும் முறைப்பாடு செய்ததால், மைதானத்தில் ஒருநாள் எல்லோரும் வந்து பார்க்கலாம் என்று அறிவித்தார்கள். கோபாலன் விடுதிக்கே வந்தார்.

"அக்கா, நான் டாக்டர் இல்ல. ஆனா அவ ஒரு தடவை பாத்தா என்ன? எங்கேருந்து வருதுன்னு தெரிஞ்சா பயம் குறையலாம்ல?"

சிவபாலன் உடனே மறுத்தார். "ஏலாது தம்பி. அந்தப் பிள்ளையை அதுக்குக் கிட்டக் கொண்டுபோறதோ?" பிறகு என் பக்கம் திரும்பி, "இஞ்சரும், நீர் என்ன பேசாமல் இருக்கிறீர்?" என்றார்.

"எத்தினை நாளைக்கு நான் இவளைக் கொண்டு பஸ்ஸில ஓடுறது? போய்ப் பாப்பம்," என்றேன்.

அவர் எழுந்து வெளியே போய்விட்டார். மகன் போன அன்று அவர் அங்கே இல்லை. இருந்தவள் நான். அதனால் இந்த விடயத்தில் என் சொல்லுக்கு எதிராக அவர் ஒரு எல்லைக்கு மேல் கதைப்பதில்லை. அது எனக்கு வெற்றியாகத் தெரியவில்லை.

மைதானத்தின் வேலி எங்கள் யன்னலிலிருந்து தெரியும். ஆனால் அதன் வாசல் அடுத்த மாவட்டத்துக்குள் விழுகிறது. சத்தம் எல்லை தாண்டி வரலாம், நாங்கள் போகக்கூடாது. அதற்கும் ஓர் ஆன்ராக் கொடுத்தோம். 'என்ன நோக்கம்' என்ற இடத்தில் கோபாலன் 'விமானம் பார்க்க' என்று எழுதித் தந்தார். அதிகாரி அதை வாசித்துச் சிரித்தார். முத்திரை குத்தினார்.

அன்று நல்ல வெயில். ஊர்ச் சனம் எல்லாம் வந்திருந்தது. சொசேஜ் சுட்டார்கள், பிள்ளைகளுக்குப் பலூன் கொடுத்தார்கள். சிவபாலன் வரவில்லை. முதலில் இறக்கை இல்லாத, இரும்புப் பாரம் ஏற்றிய ஒரு வண்டியை எறிந்து காட்டினார்கள். தாரணி என் பாவாடைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். நான் அவளுடைய காதுகளைப் பொத்தினேன்.

பிறகு ஜெட் வந்தது. முன்சக்கரத்தைப் பள்ளத்தில் மாட்டினார்கள். பின்பக்கம் ஒரு கட்டுக்கம்பி அதைப் பிடித்திருந்தது. எஞ்சின் உரத்தது, நிலம் நடுங்கியது. முன்னால் பாயத் துடித்தும் போக முடியாமல் அது நின்ற அந்த நேரம் என்னாலேயே தாங்க முடியவில்லை. அப்போது தாரணி என் கைகளைத் தன் காதிலிருந்து எடுத்துவிட்டாள். முகத்தைத் திருப்பிப் பார்த்தாள். கம்பி விட்டது. இடி. கண் இமைப்பதற்குள் விமானம் ஓடுபாதையில் இல்லை. சனம் கைதட்டியது.

அது வட்டமடித்து வந்து இறங்கியது. விமானி ஏணியால் இறங்கித் தலைக்கவசத்தைக் கழற்றினார். மெல்லிய மனிதர், வேர்வையில் மயிர் நெற்றியோடு ஒட்டியிருந்தது. கையெழுத்து வாங்கப் பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். என் கையிலிருந்து தாரணியின் கை நழுவியதை நான் உணர்ந்தேன். பார்த்தால் அவளும் வரிசையில் நிற்கிறாள்.

விடுங்கள், நிற்கட்டும் என்பதுபோல் கோபாலன் கையைக் காட்டிவிட்டு அவளுக்குக் கிட்டப் போய் நின்றார்.

அவளுடைய முறை வந்தது. விமானி பேனையோடு குனிந்தார். தாரணியிடம் கடதாசி இல்லை. அவள் அண்ணாந்து பார்த்தாள். வாய் அசைந்தது.

முதலில் நான் நம்பவில்லை. பிறகு ஓடினேன். அதற்குள் விமானி முழங்காலில் இருந்தார். பேனை நிலத்தில் கிடந்தது. என் பிள்ளை கதைத்துக்கொண்டிருந்தாள். தெளிவான, சின்னக் குரல். ஒன்றரை வருடத்துக்குப் பிறகு அந்தக் குரலைக் கேட்கிறேன், அது ஜேர்மன் மொழி, ஒரு சொல்கூட எனக்கு விளங்கவில்லை. அவர் தலையை ஆட்டினார். ஏதோ சொன்னார். அவள் திரும்பக் கேட்டாள். அவர் ஒரு சொல் சொன்னார். எழுந்தார். வரிசையில் மிச்சம் நின்ற பிள்ளைகளுக்குக் கையெழுத்துப் போடாமல் கொட்டகைக்குள் போய்விட்டார்.

"தம்பி, என்ன கேட்டவள்?"

கோபாலன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பஸ்ல சொல்றேன் அக்கா."

"இப்ப சொல்லுங்கோ."

சொன்னார். "நீயா எங்க அண்ணா மேல எறிஞ்சேன்னு கேட்டா. அவர் இல்ல, நான் இல்லன்னார். அப்போ யாருன்னு கேட்டா. தெரியாதுன்னார். நீயும் பிளேன் ஓட்டுறவன்தானே, மத்தவங்களை உனக்குத் தெரியுமே, அவங்ககிட்ட கேட்டுச் சொல்லு, எங்க அண்ணா சைக்கிளுக்குக் காத்துதான் அடிச்சிட்டிருந்தான், வேற ஒண்ணும் பண்ணலைன்னு சொன்னா."

"அதுக்கு அவர்?"

"கேக்கிறேன்னு சொன்னார்."

6

சில வாரங்கள் கழித்து அந்த விமானி சாதாரண உடுப்பில் விடுதிக்கு வந்தார். கோபாலனிடம் முகவரி கேட்டிருக்கிறார். நாங்கள் பொதுக் குசினியில் இருந்தோம். தேத்தண்ணி கொடுத்தேன். தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு தாரணியிடம் மெதுவாகக் கதைத்தார். நான் சிவபாலனைப் பார்த்தேன்.

"பொய் சொல்லிப் போட்டாராம். தன்னால ஒருத்தரிட்டையும் கேக்க ஏலாதாம். அவையள் ஆரெண்டு தனக்குத் தெரியாதாம். அதைச் சொல்லத்தான் வந்தவராம்," என்றார் அவர். அன்று அவருடைய குரல் எனக்குப் புதிதாக இருந்தது.

தாரணி விமானியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு "குட்" என்றாள். சரி என்று அர்த்தம். பிஸ்கற் தட்டை அவர் பக்கம் தள்ளினாள். அவர் ஒன்றை எடுத்தார், சாப்பிடவில்லை, கையில் வைத்துக்கொண்டே இருந்தார். அதன் பிறகு நாங்கள் அவரைக் காணவில்லை. சோதனை தொடர்ந்தது. இடி கேட்டால் தாரணி பென்சிலை வைத்துவிட்டுப் பொறுத்திருப்பாள், முடிந்ததும் மறுபடி எழுதுவாள். கட்டிலுக்குக் கீழே போகவில்லை.

மைதானத்துக்குப் போன நாளிலிருந்து அவள் எல்லோரோடும் கதைத்தாள். பள்ளிக்கூடத்தில், கடையில், பெக்கர் அம்மாவோடு. எல்லாம் ஜேர்மன் மொழியில். தமிழில் ஒரு சொல் இல்லை. நான் தமிழில் கேட்டால் தலையை ஆட்டுவாள், கை காட்டுவாள். விளங்காமல் இல்லை. தகப்பனோடு ஜேர்மன் மொழியில் கதைத்தாள், அவர் தப்பும் தவறுமாகப் பதில் சொன்னார், இருவரும் சிரித்தார்கள். நான் சோறு பரிமாறினேன்.

"கதைக்கிறாளே, அது போதாதே உமக்கு?" என்று ஒருநாள் கேட்டார்.

போதும் என்றுதான் சொன்னேன்.

பள்ளிக்கூடம் அனுப்பிய ஒரு பெண் டொக்டரிடம் போனோம். நடந்ததெல்லாம் பிள்ளைக்குத் தமிழில் நடந்திருக்கிறது, அந்தக் கதவைத் தானாகத் திறக்கும்வரை நீங்கள் தட்டாதீர்கள் என்று அவர் சொன்னதாகச் சிவபாலன் மொழிபெயர்த்தார். அந்தக் கதவுக்குள்தானே நானும் இருக்கிறேன் என்று சொல்லத் தோன்றியது. அதை யார் மொழிபெயர்ப்பது?

கோபாலன் ஆராய்ச்சியை முடித்து ஊருக்குத் திரும்பினார். விடைபெற வந்தபோது தாரணியிடம், "போயிட்டு வரேன்டா. ஒரே ஒரு தடவை மாமான்னு சொல்லேன்," என்றார். அவள் அவருடைய கழுத்தைக் கட்டிப்பிடித்து, "சூஸ்" என்றாள். இங்கே பிள்ளைகள் பிரியும்போது சொல்வது அதுதான்.

7

எங்கள் வழக்கு இன்னும் முடியவில்லை. இங்கே தங்குவதற்கான கடுதாசியை ஆறு மாதத்துக்கு ஒருதரம் புதுப்பிக்கிறார்கள். அகதி வழக்கு முடியாதவர்களுக்கு மொழி வகுப்பு இல்லை. தேவாலய மண்டபத்தில் பாதிரியாரின் மனைவி கிழமைக்கு இருமுறை எங்களைப் போன்ற பெண்களுக்குப் படிப்பிக்கிறார். போன மாரிகாலத்திலிருந்து போகிறேன். கடையில் கேட்க, டொக்டரிடம் சொல்ல என்று மற்றப் பெண்கள் காரணம் சொன்னார்கள். என்னைக் கேட்டபோது, மகளோடு கதைக்க என்றேன். அவர் அதைத் தவறான வசனம் என்று நினைத்து, 'மகளின் ரீச்சரோடு கதைக்க' என்று திருத்தினார்.

நேற்றுப் பின்னேரம் தாரணி மேசையில் படம் கீறிக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்தில் குடும்பத்தை வரையச் சொல்லியிருக்கிறார்கள். தகப்பன், நான், அவள். பக்கத்தில் நாலாவது ஆளுக்கு இடம் விட்டிருந்தாள். உருவத்தின் கோடு மட்டும் இருந்தது, நிறம் இல்லை. பென்சிற் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு யோசித்தபடி இருந்தாள்.

நான் கையைத் துடைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். செந்தூரனைப் பற்றி நாங்கள் இருவரும் ஒரு சொல்லும் பரிமாறியது இல்லை. வகுப்பில் படித்த சொற்களை மனதுக்குள் அடுக்கிப் பார்த்தேன். பிறகு ஜேர்மன் மொழியில் சொன்னேன்.

"உன்னுடைய அண்ணாவிடம் நீலச் சட்டை இருக்கிறது."

அவளுடைய கை நின்றது. என்னைப் பார்க்கவில்லை. அந்த மொழியில் இருக்கிறது என்பதற்கு 'ஹாட்'. இருந்தது என்பதற்கு 'ஹாட்ட'. கடைசியில் ஒரு சின்ன ஒலிதான் வித்தியாசம். எங்கள் வகுப்பு இன்னும் இறந்தகாலத்துக்கு வரவில்லை.

"ஹாட்ட, மமா," என்றாள் மெதுவாக. ரீச்சர் பிள்ளைகளைத் திருத்துவது போல, கோபமில்லாமல்.

நீலப் பென்சிலை எடுத்தாள். எடுத்துவிட்டுக் கீறாமல் இருந்தாள். நான் சொல்வதற்காகக் காத்திருந்தாள் என்று விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"ஹாட்ட," என்றேன்.

அவள் தலையாட்டினாள். சரியாகத்தான் சொல்லியிருந்தேன்.